சின்ன சைஸில் அனுப்பினால் போதும்

குரல் பதிவு செய்ய ஒன்றும் இல்லை, ஆனாலும் இன்னாசிமுத்து ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தார். பழக்க தோஷம். திருச்சி பாலக்கரையில், பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், தானாகவே ஃபேனை நிறுத்திக்கொண்டு வேர்த்துப்போய் உட்காரும் மனுஷன் ஊருக்கே இவர் ஒருத்தராகத்தான் இருப்பார். ஜன்னல் சாத்தியிருந்தது, அதன் மேல் கல்யாணத்துக்கு வந்த இரண்டு கம்பளிகள் தொங்கின, தெருச்சத்தம் உள்ளே வரக்கூடாது என்று ஆணியடித்து மாட்டியவை. திரையில் ஒரு சின்னக் கட்டம் திறந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தது, எந்த வடிவத்தில் வேண்டும் உனக்கு, வேவ், ஃபிளாக், எம்பி3. வேவ் என்றால் பேசியது பேசியபடியே, ஒரு மூச்சுகூடக் குறையாமல், ஒரு மணி நேரப் பாடத்துக்கு அறுநூறு எம்பி. ஃபிளாக் அதையே கொஞ்சம் மடித்து வைப்பது. எம்பி3 என்றால் காதுக்குத் தெரியாது என்று கம்ப்யூட்டர் நினைக்கிறதையெல்லாம் எடுத்து எறிந்துவிட்டு மிச்சத்தைச் சுருட்டிக் கொடுப்பது. எவ்வளவு எறியலாம் என்று அது படிப்படியாகக் கேட்கும், கடைசிப் படிக்கு இறங்கினால் அதே ஒரு மணி நேரம் பதினாலு எம்பியில் அடங்கிவிடும். மவுஸ் அம்பை வேவின் மேல் வைத்தார், எடுத்தார், எம்பி3-யின் மேல் வைத்தார், எடுத்தார். இரண்டு நிமிஷ வேலை. சாப்பிட்டுக் கை கழுவியதிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

சாப்பாட்டு மேஜையில் நடந்ததை நினைக்கக் கூடாது என்று நினைத்தார், நினைத்ததுமே காது மடல் சுட்டது. பூசை முடிந்து வந்ததும் போனில் அன்பரசியின் குரல்செய்தி கிடந்தது. துறையூரில் ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் போன் எடுத்துப் பேசுகிற பெண், தற்காலிக வேலை, பிறவியிலேயே பார்வை கிடையாது, நிரந்தர வேலைக்காக அரசுத் தேர்வு எழுதுகிறாள், அடுத்த ஞாயிறு மூன்றாவது முறை. இவளைப் போன்றவர்களுக்குப் பாடப்புத்தகத்தை வாசித்துப் பதிந்து அனுப்புகிற வாட்ஸப் குழுவில் இவர் ஒரு வாசகர். தேர்வு நெருங்கும்போது நன்றி சொல்லித்தான் அனுப்பியிருப்பாள் என்று அவருக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. அதனால் தனியாகக் கேட்காமல் வைத்திருந்தார், பிலோமினா மீன் குழம்பை எடுத்துக்கொண்டு வந்து உட்காருகிற வரைக்கும் பொறுத்திருந்தார், அதுவும் எப்படி, போனைத் தண்ணீர் ஜக்கின் மேல் சாய்த்து வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, சத்தத்தை முழுசாக ஏற்றி. கட்டின பெண்டாட்டி ஒரு தடவையாவது கேட்கட்டும் என்று. அன்பரசி பேசினாள். பின்னால் பஸ் ஹார்ன், யாரோ சில்லறை கேட்கிற சத்தம். "சார், வணக்கம் சார், கோபிச்சுக்காதீங்க சார். அந்த அரசியலமைப்பு பாடம் நீங்க மட்டும்தான் படிச்சிருக்கீங்க, வேற யாரும் படிக்கல. அத மட்டும் சின்ன சைஸ்ல அனுப்ப முடியுமா சார்? பெருசா இருந்தா எங்களுக்கு இறங்க மாட்டேங்குது. அது வந்து... ஆரம்பத்திலேருந்தே எதுவும் இறங்கல சார், யாருக்கும். சொன்னா வருத்தப்பட்டு நீங்க படிக்கிறத நிறுத்திடுவீங்களோன்னுதான் சொல்லல. தப்பா எடுத்துக்காதீங்க சார். சின்ன சைஸ்ல அனுப்புனா போதும்." அவ்வளவுதான். துளிக்கூடக் கோபம் இல்லாத குரல். இன்னாசிமுத்து சோற்றைப் பார்த்தார். பிலோமினா ஏதாவது சொல்லியிருக்கலாம், சிரித்தாவது தொலைத்திருக்கலாம், முப்பது வருஷமாக எதற்கெடுத்தாலும் நக்கல் பண்ணுகிறவள், இன்றைக்குப் பார்த்து இன்னொரு மீன் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்துவிட்டு, "முள்ளு பாத்து," என்று மட்டும் சொன்னாள்.

யாருக்கும். அந்த ஒரு வார்த்தையில்தான் மனசு திரும்பத் திரும்ப இடறியது. அவளுக்கு என்றால் அவள் போன் பழசு என்று வைத்துக்கொள்ளலாம், துறையூரில் சிக்னல் சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் இறங்கவில்லை. அப்படியானால் அந்த நன்றிகள்? ஒவ்வொரு பாடம் போட்டதும் வரிசையாக வந்து விழுமே, நன்றி சார், அருமை சார், கம்பீரம் சார் என்று, கூடவே கும்பிடுகிற கைகள் வேறு. அவர்கள் எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுத்திருக்க வேண்டும், பாவம் அவர் மனசு நோகக் கூடாது என்று. பாவம் என்றா சொல்லியிருப்பார்கள்? வேறு மாதிரியும் சொல்லியிருக்கலாம், வாசிக்க ஆள் கிடைப்பதே கஷ்டம், இந்த ஆள் கோவித்துக்கொண்டு போனால் இன்னும் இரண்டு பேர் கூடவே போவார்கள், இருக்கட்டும், நாலு நல்ல வார்த்தை சொல்லிவைப்போம் என்று. தேவைப்படுகிறவன் அப்படித்தான் பேசுவான். அவரே பேசியிருக்கிறார், வேலை பார்த்த காப்பீட்டு அலுவலகத்தில் மேலதிகாரியின் மகள் பாடிய பாட்டுக்கு. அந்தப் பெண் சுருதி சேராமல் பாடினாள், இவர் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டார். அந்த மேலதிகாரியின் இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பது இவர்.

அறுநூறு எம்பி. ஒரு நாளைக்கு அவர்களுக்கு எவ்வளவு டேட்டா இருக்கும்? ஒன்றரை ஜிபி இருக்கும், அதிலேயே வேலை, வீடு, எல்லாம். இரண்டு பாடம் இறக்கினால் அன்றைய நாள் முடிந்தது. போனில் இடமும் இருக்காது. இது தெரிந்துகொள்ள முடியாத விஷயமா என்ன? ஒருத்தரிடம் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கேட்காததுகூடப் பரவாயில்லை, கேட்டவர்களிடம் பாடம் நடத்தினார். குழுவில் சேர்ந்த புதிதில் யாரோ ஒரு பையன் எம்பி3-யில் அனுப்பலாமா சார் என்று எழுதியதற்கு இவர் நாலு நிமிஷம் குரல்செய்தியில் பேசினார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. எம்பி3 என்பது பாலில் தண்ணீர், கண்ணில்லாதவர்களுக்கு ஆண்டவர் காதைக் கூர்மையாக வைத்திருக்கிறார், அந்தக் காதுக்குத் தண்ணீர்ப் பாலைக் கொடுக்க என் மனசு ஒப்பாது என்று. ஐயோ. அதைச் சொன்னபோது கண்கூடக் கலங்கியது அவருக்கு, தன்னுடைய பெருந்தன்மையை நினைத்து. அவர்களுக்குக் காது கூர்மை என்று அவரிடம் யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, தனக்குத் தேவையாக இருந்தது, எடுத்துக்கொண்டார். அந்தக் குரல்செய்தி இன்னும் குழுவில் கிடக்கும். அது சின்ன சைஸ்தான், எல்லாருக்கும் இறங்கியிருக்கும். மேலே தள்ளித் தேடி அழித்துவிடலாமா என்று போனை எடுத்தார், இத்தனை மாசத்துக்குப் பிறகு தன் போனில் மட்டும்தான் அழியும், அவர்கள் போனில் அப்படியே கிடக்கும் என்று கீழே வைத்தார்.

சரி, எம்பி3. முடிவு பண்ணியாயிற்று. ஆனால் எந்தப் படி? மேல் படியில் போட்டுக் கேட்டார், நன்றாக இருந்தது, ஆனால் நூற்று நாற்பது எம்பி. நடுப்படியில் போட்டுக் கேட்டார், ச என்று வருகிற இடத்தில் லேசாகக் கரகரத்தது. கடைசிப் படியில் போட்டார், ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். குடத்துக்குள் முகத்தை விட்டுக்கொண்டு யாரோ வாசிக்கிற மாதிரி இருந்தது. கீழ்ச்சுருதி போயிருந்தது, மூச்சு போயிருந்தது, வாக்கியத்தின் முடிவில் அவர் விடுகிற அந்தச் சின்ன இடைவெளிக்குள் இருந்த அமைதியே போயிருந்தது. வார்த்தை மட்டும் ஒன்று விடாமல் இருந்தது. வார்த்தை இருக்கிறதே, வேறென்ன வேண்டும், தேர்வுக்குப் படிக்கிறவளுக்கு உன் கீழ்ச்சுருதி எதற்கு என்று கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டே நடுப்படிக்கு மறுபடி ஏறினார். அங்கேயே நின்று, இரண்டையும் அனுப்பினால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. சின்னதும் அனுப்பலாம், கூடவே பெரியதும், தரமான பிரதியும் இருக்கிறது, முடிந்தவர்கள் இறக்கிக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதி. முடிந்தவர்கள் யார்? யாரும் இல்லை என்று இப்போதுதானே ஒருத்தி சொன்னாள், ஸ்பீக்கரில், குழம்புக்கு முன்னால். அப்படியும் அந்த வரியை எழுதியே பார்த்துவிட்டார். எழுதியதைப் படித்தார். ஒரு எழுத்து விடாமல் அழித்தார்.

இருபத்துநாலு வயதில் வானொலி நிலையத்துக்குக் குரல் தேர்வுக்குப் போனது ஞாபகம் வந்தது. அதை நினைக்க இன்றைக்கு ஒரு அவசியமும் இல்லை, ஆனாலும் வந்தது. குளிர்ந்த அறை, பச்சை நிற மேஜை விரிப்பு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இவர் செய்தி வாசித்தார், அவர்கள் உதட்டை அசைத்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், ஒருத்தர் சிரித்தார், சத்தம் எதுவும் இந்தப் பக்கம் வரவில்லை. அந்தச் சிரிப்பு எதற்கு என்று தெரியாமலேயே முப்பத்துமூன்று வருஷம் ஓடிவிட்டது. வேலை கிடைக்கவில்லை. அப்புறம் கோவிலில் பூசை நேரத்தில் பைபிள் வாசகம் வாசிக்கிற இடம் கிடைத்தது, இன்னாசி வாசித்தால் சின்னப்பர் நிருபம்கூடக் கதை மாதிரி இருக்கும் என்று யாரோ சொன்னதைப் பத்து வருஷம் வைத்துக்கொண்டு பிழைத்தார். இப்போது அதையும் வாலிபப் பிள்ளைகளுக்கு முறை வைத்துக் கொடுத்துவிட்டார்கள், சரிதான், அவர்களும் வாசிக்க வேண்டாமா. சமீபத்தில் குரலில் ஒரு நடுக்கம் வந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை, அவருக்குத் தெரியும், வேவில் கேட்டால் தெரியும். அதுதான் விஷயமோ என்று தோன்றியது. அவர்களுக்காக இல்லை. ஒரு மூச்சுகூடக் குறையாமல் எங்கேயாவது இருக்க வேண்டும் இந்தக் குரல், நடுக்கம் முற்றுவதற்குள், தனக்குப் பிறகும். அதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, பார்வையில்லாத பிள்ளைகள் கிடைத்தார்கள். இதை இப்படி நேராகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இன்னாசிமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது, எழுந்துபோய் எங்கேயாவது முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, ஆனால் அந்த அறையில் போவதற்கு இடம் இல்லை.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் குழுவில் உள்ளவர்கள் எல்லாரும் மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். இவருக்குச் சால்வை போட்டார்கள். நாமக்கல்லில் இருந்து சுகந்தி டீச்சர் என்று ஒரு அம்மா வந்திருந்தார், போனிலேயே வாசித்துப் போனிலேயே அனுப்புகிறவர், நடுவில் குக்கர் விசில் அடிக்கும், "இருங்க, அடுப்ப அணைச்சிட்டு வர்றேன்" என்பதும் பாடத்தோடு சேர்ந்து வரும். அந்த அம்மாவை எல்லாரும் சூழ்ந்துகொண்டு, போன வாரம் என்ன டீச்சர் சாம்பாரா என்று கேட்டுச் சிரித்தார்கள். இவருக்கு அது கொஞ்சம் மட்டமாகப் பட்டது. தன்னிடம் யாரும் சிரிக்கவில்லை, மரியாதை என்று நினைத்தார். அன்பரசி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "சார், உங்க குரல் அப்படியே ரேடியோ மாதிரி இருக்கு சார்," என்றாள். பாடத்தில் எந்த இடம் பிடித்தது என்று இவர் கேட்டார், கேட்டாரே பாவி மனுஷன். ஒரு நொடி தயங்கிவிட்டு, "எல்லாமே சார்," என்றாள். கேட்காத பாடத்துக்கு அவள் பதில் தேடிய அந்த ஒரு நொடியை அன்றைக்கு அவர் எப்படி எடுத்துக்கொண்டார் தெரியுமா, நெகிழ்ச்சி என்று. நெகிழ்ந்து பேச்சு வரவில்லை பிள்ளைக்கு என்று வீட்டில் வந்து சொன்னார். பிலோமினா அப்போதும் நக்கல் பண்ணவில்லை. அவளுக்கு அப்போதே தெரிந்திருக்குமோ?

கதவு திறந்தது. பிலோமினா டீயுடன் நின்றாள். "ஃபேன போடுங்க மொதல்ல. இங்க என்ன, தவக்காலத்துக்கு ஒடம்ப வருத்துற ஒறுத்தலா?" என்று சுவிட்சைத் தட்டினாள். கம்பளிகள் ஆடின. திரையை எட்டிப் பார்த்தாள், அவளுக்கு அதில் ஒன்றும் புரியாது என்று அவர் நினைத்திருந்தார். "இன்னும் அனுப்பலையா?"

"எந்த அளவுல அனுப்புறதுன்னு பாத்துட்டு இருக்கேன். ரொம்பச் சின்னதாக்குனா குரல் கெட்டுப்போவுது பிலோ."

"யாரு குரலு?" என்று கேட்டாள் அவள், நக்கலும் இல்லை, கோபமும் இல்லை, டீயை வைத்துக்கொண்டே கேட்ட கேள்வி. "அந்தப் புள்ள ஒரு வாரத்துல பரீட்சைக்குப் போவணும்ங்க. பஸ் ஸ்டாண்டுல நின்னு கேட்டுச்சு." கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் போனாள். தெருச்சத்தம் அறைக்குள் வந்தது, யாரோ பழைய இரும்புக்குக் கூவிக்கொண்டு போனார்கள். பஸ் ஸ்டாண்டு. அதைப் பிலோமினா கவனித்திருக்கிறாள். அவரும் அந்த ஹார்னைக் கேட்டார், பின்னணி இரைச்சல் என்றுதான் கேட்டார், பதிவில் வரக்கூடாத விஷயம். ஞாயிற்றுக்கிழமை அந்த வெயிலில் அவள் அங்கே எதற்கு நின்றாள், எங்கே போகிறாள், யார் ரோடு தாண்ட விட்டார்கள், ஒன்றும் தெரியாது. அதைக் கேட்கும் உரிமைகூடத் தனக்கு இல்லை என்று பட்டது. கடைசிப் படியைத் தேர்ந்தெடுத்து அழுத்தினார். பதினாலு எம்பி. ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அன்பரசிக்கு அனுப்பினார். மன்னிப்பு என்று எழுத நினைத்து, அதிலும் தன் குரல்தான் கேட்கும் என்று விட்டுவிட்டார். இரண்டு டிக் விழுந்தது, நீலமானது. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அதைக் குடித்தார்.

போன் அடித்தபோது ஐந்து மணி இருக்கும், வெயில் இன்னும் இறங்கவில்லை. அன்பரசி. எடுக்கலாமா என்று யோசித்தார், எடுத்து என்ன பேசுவது, அவள் மறுபடி நன்றி சொன்னால் எங்கே போய் நிற்பது. எடுத்தார்.

"சார், இறங்கிருச்சு சார். முழுசா கேட்டுட்டேன்."

"முழுசாவா? ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கேம்மா."

"வேகத்தக் கூட்டிக் கேப்போம் சார். ரெண்டரை மடங்கு வச்சேன்." சொல்லிவிட்டுப் பயந்துவிட்டாள் போல. "எல்லாரும் அப்படித்தான் சார் கேப்போம், உங்களோடது மட்டும் இல்ல."

ரெண்டரை மடங்கில் தன் குரல் எப்படி இருந்திருக்கும் என்று இன்னாசிமுத்து நினைத்துப் பார்த்தார். கீச்சுக் கீச்சென்று ஒரு சின்னப் பிராணி அரசியலமைப்பை ஒப்பித்துக்கொண்டு ஓடியிருக்கும். எந்தப் படி என்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்ததை நினைத்தார். ஆச்சரியமாக, வலித்தது கொஞ்சம்தான். "பரவால்லம்மா," என்றார். "நான்தாம்மா முன்னாடியே கேட்டிருக்கணும். உங்களுக்கு எது வசதின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல."

"சார், ஒரு எடம் புரியல. மூணு தடவ திருப்பிக் கேட்டேன். புக்கு பக்கத்துல இருக்கா? அந்த பொதுப்பட்டியல் வர்ற பத்தி."

புத்தகம் மேஜையில்தான் இருந்தது. அந்தப் பத்தி அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, அதை நாலு முறை பதிவு செய்திருக்கிறார், ஒரு வார்த்தை சரியாக உச்சத்தில் போய் இறங்க வேண்டும் என்பதற்காக. வாசித்தார். "பொதுப்பட்டியலில் அடங்கிய ஒரு பொருள் குறித்து மாநிலச் சட்டமும் நாடாளுமன்றச் சட்டமும் முரண்படும் நிலையில், மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கப்பட்டு அவரது இசைவைப் பெற்றிருந்தாலன்றி, முரண்படும் அளவிற்கு நாடாளுமன்றச் சட்டமே மேலோங்கும், எனினும், அவ்வாறு இசைவு பெற்ற சட்டத்தையும் நாடாளுமன்றம் பின்னர் திருத்தவோ நீக்கவோ தடையேதுமில்லை." மேலோங்கும் என்ற இடத்தில் குரல் தானாகவே ஏறியது. அவருக்கே கேட்டது.

"அதான் சார். அப்ப கடைசியில யாரு சட்டம் செல்லும்?"

இன்னாசிமுத்து மறுபடி பத்தியைக் கண்ணால் ஓட்டினார், பெற்றிருந்தாலன்றி, எனினும், தடையேதுமில்லை. நாலு முறை வாசித்த வாக்கியம். எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டிருந்தது, எங்கே தாழ வேண்டும் என்று கோடு போட்டிருந்தது. இது என்ன சொல்கிறது என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. இது மட்டுமா, புத்தகம் முழுக்கவே. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம், கம்பீரமாகச் சொன்னால் அவள் நம்பிக்கொள்வாள், நம்பிப்போய் அதையே எழுதுவாள்.

"எனக்கும் புரியலம்மா," என்றார்.

அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரியவில்லை, வைத்துவிடுவாளோ என்று பயந்தார். பிறகு ஒரு சிரிப்பு வந்தது, மண்டபத்தில் சுகந்தி டீச்சரிடம் அவள் சிரித்த சிரிப்பு.

"அப்ப மெதுவா படிங்க சார்," என்றாள் அன்பரசி. "ரெண்டு பேரும் பாப்போம்."